முதியோர் இல்லத்தின் வரலாறும் பிள்ளைகளின் கடமையும்

‘பெற்ற தகப்பனைக் கொண்டுபோய் இல்லத்தில் தள்ளிவிட்டான்’ என்பது நம் மக்களிடையே ஒருவன்மீது சுமத்தப்படும் பழிச்சொற்களுள் மிகக் கொடியது. கடன்பட்டவனை ஊர் மறந்துவிடும்; குடித்துக் கெட்டவனைக்கூட மன்னித்துவிடும். தாய் தந்தையரை இல்லத்தில் சேர்த்தவனை மட்டும் திருமண வீட்டிலும் சாவு வீட்டிலும் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டே இருக்கும். இப்பழிக்கு அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் தம்மால் தாங்கவியலாத சுமையைத் தாங்கித் தளர்கின்றன. இப்பழியைப் பொருட்படுத்தாத சிலரோ, ஆராயாமல் அவசரமாக முதியோரைக் கிடைத்த இடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பாராமலும் இருந்துவிடுகின்றனர். இரண்டும் தவறான நெறிகளே.

முதியோர் இல்லம் நல்லதா தீயதா என்று பொதுவாக வினவுவதில் பயன் இல்லை. இந்த முதியவருக்கு, இந்த நிலையில், இந்த இல்லம் பொருந்துமா என்பதே கேட்கத்தக்க வினா. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இல்லம் என்னும் அமைப்பு எங்குத் தோன்றியது, எவ்வாறு மாறியது, அதன்மீது இத்தனை அச்சமும் பழியும் ஏன் படிந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அறச்சாலையும் ஆதுலர்சாலையும்

ஆதரவற்றோரை ஓரிடத்தில் வைத்துப் பேணுவது மேலைநாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புதுமை என்று கருதுவோர் உளர். அது பிழை. மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்பட்ட செய்தியைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். குற்றவாளிகளை அடைத்து வைத்த இடமே பசித்தோரையும் ஆதரவற்றோரையும் காக்கும் இடமாயிற்று. பிற்காலத்தார் வகுத்த முப்பத்திரண்டு அறங்களுள் ஆதுலர் சாலையும் ஒன்று. ஆதுலர் என்ற சொல் நோயாளரையும் வறியவரையும் ஒருங்கே குறிக்கும்.

இவை ஏட்டளவில் நின்ற அறங்கள் அல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, அங்கு நடந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன என்றும், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளருக்குப் பணி செய்யும் பெண்டிர் ஆகியோர்க்கு ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது என்றும் கூறுகிறது. அது நோயாளருக்கான சாலையே அன்றி முதியோருக்கென்றே அமைந்ததன்று. ஆயினும், வீட்டுக்கு வெளியே முறையான பராமரிப்பு என்பது தமிழருக்கு அயலானது அன்று என்பதற்கு அது தக்க சான்றாகும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். ஐதர் அலியின் போரினாலும் வறட்சியினாலும் 1782இல் சென்னையைப் பஞ்சம் சூழ்ந்தபொழுது, நகரின் வடபால் மணியக்காரர் ஒருவர் பட்டினி கிடந்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கினார். அந்தக் கஞ்சித் தொட்டியே பின்னர் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. அதனுடன் இணைந்திருந்த மருத்துவமனை வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. சத்திரமோ ஏழையரையும் முதியவரையும் வைத்துக் காக்கும் இடமாகத் தொடர்ந்து, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் முதியோர் இல்லமாக விளங்குகிறது. பஞ்சத்தில் பிறந்த அறம் முதுமைக்கு நிழலானது.

இவற்றையெல்லாம் நம் முன்னோர் பழியாக எண்ணவில்லை. அறமாகவே எண்ணினர். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அச்சாலைகள் யாருமற்றோர்க்கு உரியவை. மக்கள் உள்ள முதியவர் மக்களிடத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கிய நெறி. இல்லத்தில் இருப்பவர் என்றாலே யாருமற்றவர் என்று பொருள்படும் வழக்கம் இங்கிருந்து தொடங்குகிறது.

ஆங்கில நாட்டின் ஏழையர் விடுதி

இல்லத்தின்மீது அச்சத்தைப் படியவைத்தது ஆங்கில நாட்டின் ஏழையர் சட்டமே எனலாம். 1601ஆம் ஆண்டுச் சட்டம், வறிய முதியோரைக் காக்கும் பொறுப்பை ஒவ்வொரு வட்டாரத்தின்மீதும் சுமத்தியது. வசதியுள்ள மக்கள் தம் பெற்றோரைத் தாமே காத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. அதுவரை அங்கு முதியோர் பலர் தம் குடிசையில் இருந்தவாறே உதவி பெற்று வந்தனர்.

1834இல் வந்த புதிய சட்டம் இந்நிலையை மாற்றிற்று. உதவி வேண்டுவோர் விடுதிக்குள் வந்தே பெறவேண்டும். விடுதி வாழ்க்கையோ வெளியில் உள்ள மிக ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கையினும் கீழாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. சோம்பேறிகளை விரட்டுவதற்கு வகுத்த கொள்கை, தள்ளாத கிழவர்மீதும் பாய்ந்தது. உள்ளே வந்தவர்க்கு விடுதியின் சீருடை. சொந்தப் பொருளுக்கு இடமில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கூடி வாழ்ந்த கணவனையும் மனைவியையும் ஆண்பகுதி, பெண்பகுதி என்று பிரித்து வைத்தனர். 60 வயது கடந்த தம்பதியரை வற்புறுத்திப் பிரித்தலாகாது என்று 1847இல் விதி செய்யவேண்டிய நிலை உண்டாயிற்று என்றால், அக்கொடுமையை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை. விடுதியில் இறப்பதைக்காட்டிலும் தெருவில் இறப்பதே மேல் என்று ஏழையர் கருதினர்.

1908ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் இவ்விருளில் தோன்றிய முதல் ஒளி. 70 வயது நிரம்பிய வறியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை அஞ்சலகத்தின் வழியாக, 1909ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து வழங்கப்பட்டது. தொகை சிறிது, அதன் பயன் பெரிது. கையில் சிறிது பணம் உள்ள கிழவர் மகள் வீட்டில் சுமையாகாமல் இருக்க முடிந்தது. முதியவர் எங்கே வாழ்வது என்பதைப் பல வேளைகளில் அன்பு மட்டும் முடிவு செய்வதில்லை, வருவாயும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்ற உண்மையை அது காட்டிற்று.

1948இல் நிறைவேறிய தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டத்தை அறவே நீக்கியது. பெற்றோரைக் காக்கும் சட்டக் கடப்பாட்டிலிருந்து மக்களை விடுவித்து, முதியோர்க்கு உறைவிடம் அமைக்கும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அதிகாரியும் அடங்கி நடப்பவரும் என்ற உறவு போய், விடுதி மேலாளரும் விருந்தினரும் என்ற உறவு வரும் என்று அமைச்சர் அனெய்ரின் பெவன் நம்பிக்கை தெரிவித்தார்.

நடந்தது என்ன? சமூகவியல் அறிஞர் பீட்டர் டவுன்செண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களை நேரில் கண்டு ஆராய்ந்து, 1962இல் ‘கடைசிப் புகலிடம்’ என்ற பொருள்படும் பெயருடைய நூலை வெளியிட்டார். பெயர்ப்பலகை மாறிய பழைய விடுதிக் கட்டடங்களிலேயே ஏராளமான முதியோர் இன்னும் வாழ்வதை அவர் கண்டார். நீண்ட கூடங்களில் வரிசையான கட்டில்கள். சொந்தப் பொருள் வைக்க இடமின்மை. செய்வதற்கு ஒன்றுமின்றிச் சுவரோரம் அமர்ந்திருக்கும் மனிதர்கள். அவர் கண்ட மற்றோர் உண்மை நம் கவனத்துக்குரியது. இல்லத்தில் இருந்தோருள் மணமாகாதோரும், மக்கட்பேறு அற்றோரும், நெருங்கிய உறவினரை இழந்தோரும் பெருந்தொகையினர். பிள்ளைகள் தள்ளிவிட்டதால் இல்லங்கள் நிரம்புகின்றன என்ற பொதுக் கருத்துக்கு அவர் ஆய்வு இடம் தரவில்லை.

ஒரு மருத்துவர் கண்ட உண்மை

இவ்வரலாற்றில் மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரை மறத்தல் இயலாது. இலண்டனை அடுத்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அவர் பணியாற்றியபொழுது, 1935இல் அருகிலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதி அம்மருத்துவமனையுடன் சேர்க்கப்பட்டது. அங்கிருந்த 714 பேரின் பொறுப்பு அவரிடம் வந்தது. பல்லாண்டுகளாகப் படுக்கையில் கிடந்த கிழவர் கிழவியர் அவருள் பலர். ‘முதுமை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று கைவிடப்பட்டவர்கள்.

அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார். எவர் நோயால் கிடக்கிறார், எவர் கிடந்து கிடந்தே நோயாளரானார் என்று பிரித்தறிந்தார். மங்கிய சுவர்களுக்கு வண்ணம் பூசச் செய்தார், கட்டிலிலிருந்து எழுப்பினார், நடக்கப் பயிற்சி அளித்தார். பலர் எழுந்து நடந்தனர். அவருள் பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறை இம்முயற்சியிலிருந்து வளர்ந்தது. வீடா இல்லமா என்று முடிவு செய்வதற்கு முன் மருத்துவர் தீர ஆராய்தல் வேண்டும் என்பதே அவர் உலகுக்கு விட்டுச்சென்ற பாடம்.

தன் கட்டிலை ஈந்த பெண்

அரசாங்கங்கள் விடுதி கட்டிய அதே காலத்தில் அன்பினாலும் இல்லம் எழுந்தது. பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜான் ஜுகன் என்னும் எளிய பெண், பார்வையிழந்து ஆதரவற்றிருந்த கிழவி ஒருத்தியைத் தம் இருப்பிடத்துக்குக் கொணர்ந்து தம் கட்டிலையே அவளுக்கு அளித்தார். ஏழையரின் சின்னஞ்சிறு சகோதரியர் என்ற துறவற அமைப்பு அவ்வாறு தோன்றிற்று. அவ்வமைப்பினர் 1935இல் சிங்கப்பூருக்கு வந்தனர். தாம்சன் சாலை மேற்பகுதியில் அவர்கள் அமைத்த புனித தெரேசா இல்லம் சாதி, சமயம் பாராது முதியோரை ஏற்றது. 2003இல் அதன் பொறுப்பு கத்தோலிக்க நலச் சேவை அமைப்பிடம் சென்றது.

சிங்கப்பூரில் அதற்கு முன்னரே சீன மக்களிடம் இதற்கான ஏற்பாடுகள் இருந்தன. 1844இல் டான் டோக் செங் என்னும் வணிகரின் கொடையால் ஏழையர் மருத்துவமனை தொடங்கப்பட்டது. குவோங் வை சியு மருத்துவமனை 1910இல் தோன்றிற்று. மணம் செய்துகொள்ளாமல் வீட்டுவேலை செய்து பிழைத்த சீனப் பெண்கள் தங்கள் சேமிப்பைச் சைவ மடங்களுக்கு அளித்து, முதுமையில் அங்கு இடம் பெறும் வழக்கமும் இருந்தது. தம் கடைசிக் காலத்தைத் தாமே திட்டமிட்டுக்கொண்ட அப்பெண்களின் அறிவு போற்றத்தக்கது. சாகோ சந்தில் இருந்த சாவு வீடுகளோ இதன் மறுபுறம். நெருக்கடியான கடைவீட்டு அறைகளில் உயிர் பிரிவது ஆகாது என்று கருதி, பிழைக்கமாட்டார் எனப்பட்டோரை அங்குக் கொண்டுவந்து விடுவர். 1961இல் அவை தடை செய்யப்பட்டன. வாழ்வதற்கு இடமில்லாத ஊரில் சாவதற்கும் தனியிடம் தேட வேண்டியிருந்தது.

மலாயாத் தோட்டங்களில் முதுமை

இனி நம் கதைக்கு வருவோம். மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் முதுமையை இங்குக் கழிக்க வந்தவர் அல்லர். உழைக்கும் வயதில் வந்து, சிறிது பொருள் சேர்த்து, ஊருக்குத் திரும்பிக் கண்ணை மூட எண்ணியே கப்பல் ஏறினர். அவர்களை அழைத்த துரைமாரின் கணக்கும் அதுவே. 1907இல் தோற்றுவிக்கப்பட்ட குடியேற்ற நிதியில் தோட்ட முதலாளிகள் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் கட்டினர். ஆட்களைக் கொணர்வதே அந்நிதியின் தலையாய நோக்கம். நோயுற்றோரையும் தளர்ந்தோரையும் தாயகத்துக்குத் திருப்பி அனுப்புவதற்கும், உழைக்க இயலாதோரை வைத்திருக்கும் இல்லத்துக்கும் அதிலிருந்து செலவிடப்பட்டது. இளமையின் உழைப்பு இங்கே. முதுமையின் சுமை தமிழகத்துக் கிராமத்துக்கு. இதுவே அந்நாளைய ஏற்பாடு.

தோட்டத்து இல்லம் என்றதும் ‘யாருமற்ற அனாதைக் கிழவர் கிடக்குமிடம்’ என்ற எண்ணம் நம்மவர் உள்ளத்தில் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆங்கில நாட்டில் விடுதியும், மலாயாவில் உழைக்க இயலாதோர் இல்லமும் ஒரே பாடத்தைத்தான் கற்பித்தன: அங்குச் செல்பவன் வாழ்க்கையில் தோற்றவன்.

ஆயினும் மக்கள் இங்கேயே பிறந்து, இங்கேயே மணந்து, இங்கேயே வேரூன்றினர். உடல் வலிமையற்ற தொழிலாளரை இந்தியா 1938இல் அன்று, உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளர் அனைவரையும் மலாயாவுக்கு அனுப்புவதை அவ்வாண்டில் நிறுத்திற்று. அதன்பின் தோட்டம் ஒரு தங்குமிடமாக இராமல் ஊராகவே ஆயிற்று. லயத்து வாழ்க்கையில் ஒரு நன்மை இருந்தது. பால்மரம் வெட்ட முடியாதவர் வெளிக்காட்டு வேலைக்குச் செல்வார். அதுவும் இயலாத கிழவி ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். வேலையே செய்ய இயலாதவர் லயத்து வாசலில் அமர்ந்திருந்தாலும் பக்கத்து வீட்டார் பத்துப் பேரின் கண் அவர்மீது இருக்கும். கோயில், தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம் யாவும் கூப்பிடு தொலைவு. சொல்லப்போனால், தோட்டம் முழுவதும் ஒரு முதியோர் இல்லமாக, பெயரில்லாமல், நடந்துவந்தது.

இவ்வேற்பாட்டின் குறையும் அங்கேயே இருந்தது. வீடு வேலைக்கு உரியது, மனிதனுக்கு உரியதன்று. 1951இல் வந்த ஊழியர் சேமநிதிச் சட்டத்தின்படி 55 வயதில் சிறு தொகை கைக்கு வந்தது. ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பெயர் பதிந்த மகனோ மகளோ தோட்டத்தில் இருந்தால் அவர் வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம், இல்லையேல் தெருதான். 1958இல் பழைய நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டது; அந்நிதியும் 1999இல் கலைக்கப்பட்டது.

1980ஆம் ஆண்டுகளுக்குப் பின் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் நகரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குச் சென்றன. வாசலில் அமர்ந்து ஊரைப் பார்த்திருந்த கிழவர் ஐந்தாம் மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் அமரலானார். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு. மாலை ஏழு மணிவரை தொலைக்காட்சியே துணை. வீட்டில் வைத்திருக்கிறோம் என்ற பெருமை குடும்பத்துக்கு உண்டு. அந்த வீட்டில் பகல் முழுதும் யாருமில்லை என்பதை ஊர் பார்ப்பதில்லை. முதியவரைக் கைவிடுவது இல்லத்தில்தான் நடக்கும் என்பதில்லை, வீட்டுக்குள்ளும் நடக்கும்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

மலேசியாவில் சமூகநல இலாகா 1946இல் தோன்றியது. அது நடத்தும் ‘ரூமா ஸ்ரீ கெனாங்கான்’ இல்லங்கள் 60 வயது நிரம்பிய, ஆதரிக்க வாரிசும் உறைவிடமும் இல்லாத, தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக்கூடிய ஏழையருக்கு உரியவை. நாட்பட்ட நோயால் படுத்தோருக்குக் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் ‘ரூமா எஹ்சான்’ என்ற இல்லங்கள் உள. மற்றவை அறநிறுவனங்களும் தனியாரும் நடத்துபவை. 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்கீழ் அவை பதிவு பெறவேண்டும். மருத்துவப் பணிவிடையோடு கூடிய தனியார் முதியோர் நிலையங்களுக்கெனத் தனிச்சட்டம் 2018இல் நிறைவேறியது.

சிங்கப்பூரில் 1984இல், அமைச்சர் ஹவ் யூன் சோங் தலைமையில் அமைந்த குழு முதியோர் நிலைபற்றி அறிக்கை வெளியிட்டது. மத்திய சேமநிதியை எடுக்கும் வயதை உயர்த்த வேண்டும் என்ற அதன் கருத்து பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதால், குடும்பத்தில் வைத்துப் பேணுவதே முதல் வழி, இல்லம் கடைசி வழி என்று அது கூறியது பலர் நினைவில் இல்லை. சிங்கப்பூர் ஸ்ரீ நாராயண மிஷன் 1979இல் நோயுற்ற முதியோர்க்கென இல்லம் திறந்து, எவ்வினத்தவரையும் ஏற்றுவருவது நம்மவர் அறிந்ததே. முதியோர் இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1988இல் வந்தது.

1995இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் வூன் கொணர்ந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 60 வயது கடந்து, தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் தம் மக்களிடமிருந்து உதவித்தொகை கோரலாம். அதற்கான நடுவர் மன்றம் 1996இல் செயற்பட்டது. பிள்ளையைச் சிறுவயதில் கைவிட்ட அல்லது துன்புறுத்திய பெற்றோரின் கோரிக்கையை மறுக்கவும் மன்றத்துக்கு உரிமையுண்டு. வழக்குக்கு முன் சமரசம் பேசவேண்டும் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. இந்தியாவும் 2007இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேர் தங்கும் இல்லத்துக்கும் அதில் வழி செய்தது.

ஆங்கில நாடு 1601இல் விதித்து 1948இல் நீக்கிய கடமையை, ஆசிய நாடுகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சட்டமாக எழுதின என்பது வரலாற்றின் விந்தை. குடும்பத்தைப் போற்றும் மக்களுக்குச் சட்டம் எதற்கு என்று அப்பொழுது கேட்டவர் உண்டு. தேவை இருந்தது, அதனால் வந்தது. ஆயினும் சட்டம் பணத்தைப் பெற்றுத் தருமேயன்றிப் பக்கத்தில் அமர்ந்து பேசும் மகனைப் பெற்றுத் தராது.

வரலாறு கற்பிக்கும் வினாக்கள்

மேற்கூறியவற்றிலிருந்து, முடிவு செய்யவேண்டிய குடும்பத்தார் கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் சில கிடைக்கின்றன.

முதலாவது, மருத்துவர் பார்த்தாரா? மார்ஜரி வாரன் காட்டிய வழி இது. நேற்றுவரை நடந்தவர் இன்று படுத்துவிட்டால் அது முதுமை அன்று, நோய். மறதியும் குழப்பமும்கூடச் சில வேளைகளில் தொற்றினாலோ, மருந்துகளின் கேட்டினாலோ, உள்ளச் சோர்வினாலோ வரக்கூடும். தீரக்கூடிய குறைக்காக வீட்டை மாற்றிவிடலாகாது. மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளன்று அவசரத்தில் செய்யும் முடிவே பெரும்பாலும் பின்னர் வருந்தத்தக்கதாக அமைகிறது.

இரண்டாவது, வீட்டில் இல்லாதது எது? பணமா, பகல் துணையா, இரவுக் காவலா, தேர்ந்த பணிவிடையா? பகல் துணைதான் குறையென்றால் பகல்நேர நிலையமே போதும். மலேசியாவில் சமூகநல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்களும், சிங்கப்பூரில் பகல் பராமரிப்பு நிலையங்களும் இதற்கென உள்ளன. படுக்கைப் புண்ணுக்கு மருந்திடவும், குழாய் வழி உணவூட்டவும், இரவில் எழுந்து வெளியே சென்றுவிடும் மறதி நோயாளரைக் காக்கவும் ஆளின்றி மருமகள் ஒருத்தியே இரவும் பகலும் தேய்கிறாள் என்றால், இல்லத்தை நாடுவது பாசக்குறைவு அன்று. அங்குப் பழியை எண்ணித் தயங்குவதே முதியவருக்குத் தீங்காகும்.

மூன்றாவது, முதியவர் என்ன சொல்கிறார்? 1834ஆம் ஆண்டு விடுதியின் கொடுமை கஞ்சியின் நீர்ப்பதத்தில் இல்லை. விருப்பமின்றி அடைக்கப்பட்டதில்தான் இருந்தது. அமெரிக்காவில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூலார் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிறுசிறு செய்திகளைத் தாமே முடிவு செய்யவும் ஒரு செடியைத் தாமே வளர்க்கவும் விடப்பட்ட இல்லவாசிகள் மற்றவரைவிட ஊக்கத்துடன் இருந்தனர் என்று கண்டனர். தந்தையிடம் மறைத்து, ‘மருத்துவரைப் பார்க்கப் போகிறோம்’ என்று காரில் ஏற்றிச் சென்று இல்லத்தில் இறக்குவது பெருந்தவறு. வாய்விட்டுப் பேசுதல் வேண்டும். முன்னதாகச் சென்று காட்டுதல் வேண்டும். முடிந்தால் சில வாரம் தங்கிப் பார்த்தபின் முடிவு செய்தல் வேண்டும். நினைவு தெளிவாக இருக்கும் நாளிலேயே இதைக் கேட்டு வைப்பது அறிவுடைமை.

நான்காவது, இல்லத்தின் வகை பொருந்துமா? தாமே நடந்து குளிப்பவரைப் படுத்த நோயாளர் நடுவே விட்டால் அவரும் படுத்துவிடுவார். தூக்கிவைக்க வேண்டியவரைத் தாதியர் இல்லாத இடத்தில் விட்டால் துன்புறுவார். பதிவும் உரிமமும் உள்ளனவா என்று பார்ப்பது முதற்படியே.

ஐந்தாவது, மொழியும் உணவும் வழிபாடும் எப்படி? இது நம்மவர் எளிதில் மறப்பது. மறதி நோய் முற்றும்பொழுது பிற்காலத்தில் கற்ற மலாயும் ஆங்கிலமும் பெரும்பாலும் முதலில் நழுவுகின்றன. தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொள்கிறது. ‘தண்ணீர்’ என்ற சொல் புரியாத இடத்தில் தாகத்தோடு இருக்கும் பாட்டியை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் பேசும் பணியாளர் ஒருவரேனும் உண்டா, தயிர்ச்சோறு கிடைக்குமா, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற ஒரு மூலை உண்டா என்று கேட்பது அற்பமான கேள்வி அன்று.

ஆறாவது, நேரில் கண்டது என்ன? டவுன்செண்டு செய்தது போலப் பலகையைப் பாராமல் மனிதரைப் பார்க்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு முறை, சாப்பாட்டு வேளையில் ஒரு முறை செல்லலாம். முற்பகலில் முதியோர் உடைமாற்றி எழுந்து அமர்ந்திருக்கின்றனரா? பணியாளர் அவர்களைப் பெயர் சொல்லி மரியாதையாக அழைக்கின்றனரா? குடும்பப் படமும் சொந்தப் போர்வையும் வைத்துக்கொள்ள இடம் உண்டா? குளியலறை நாற்றமின்றி இருக்கிறதா? இக்கேள்விகளுக்குக் கண்ணும் மூக்குமே விடை சொல்லிவிடும்.

ஏழாவது, யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? கட்டணம் குறைவு என்று நூறு மைல் தொலைவில் சேர்த்தால், முதல் மாதம் வாரந்தோறும் செல்பவர் ஆறாம் மாதம் தீபாவளிக்கு மட்டுமே செல்வார். எந்த நாட்டு இல்லத்தின் வரலாற்றைப் புரட்டினாலும் ஓர் உண்மை தெளிவாகும்: வருவோர் போவோர் உள்ள இல்லம் சீராக நடக்கும்; யாரும் எட்டிப்பாராத இல்லத்தில் குறைகள் வளரும். ஆகவே உடன்பிறந்தார் அனைவரும் கூடி, பணம் யார் தருவது என்பதோடு, எந்த நாளில் யார் செல்வது என்பதையும் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

முடிவு ஒருமுறை செய்துவிட்டால் மாறாதது என்றும் எண்ணவேண்டா. உடல்நிலை தேறினால் வீட்டுக்கு அழைத்துவரலாம். வீட்டில் இயலாது போனால் இல்லத்துக்கு அனுப்பலாம். சில திங்களுக்கு ஒருமுறை இவ்வினாக்களை மீண்டும் கேட்டுப் பார்ப்பதே முறை.

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதை எட்டியவர். மலேசியாவும் அதே திசையில் செல்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து ஆயுள் நீண்டுவரும் இக்காலத்தில், இவ்வினாவைச் சந்திக்காத தமிழ்க் குடும்பம் இனி அரிது. அந்நாளில் ஊரார் என்ன சொல்வர் என்று கேட்பதை விடுத்து, முதியவருக்கு எது நலம் என்று கேட்கும் துணிவு வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது குற்றமும் அன்று. வீட்டில் வைத்திருப்பது மட்டுமே புண்ணியமும் அன்று. எங்கு வைத்தாலும் அவரை ஒரு மனிதராக, தம் வாழ்வைத் தாமே முடிவு செய்யும் உரிமை உடையவராக மதித்து, கடைசிவரை சென்று பார்த்துக்கொண்டிருப்பதே மக்களின் கடமை. அக்கடமையை மறவாதவரைப் பழி அணுகாது.